சொல்லாமல் அடிக்கும் மணி

மணி அலறியது.

மார்க்கெட் கட்டடத்தின் ஒவ்வொரு மாடியிலும் பதித்திருந்த சிவப்பு மணிகள் ஒரே மூச்சில் அலறின. வாசலில் படுத்திருந்த நாய் துள்ளி எழுந்து, யாரைப் பார்த்துக் குரைப்பது என்று தெரியாமல் தன் வாலைப் பார்த்தே குரைத்தது. பதறியது அது ஒன்றுதான். மனிதர்கள் யாரும் பதறவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

எதிர் நடைபாதையில் கடிகாரமும் கையுமாக நின்றிருந்த அவள், மாநகராட்சியின் தீப்பாதுகாப்பு ஆய்வாளர். மாதம் ஒரு முறை, எந்த நாள் என்று சொல்லாமல் இந்தக் கட்டடத்தில் மணியை அடிக்கவிட்டு, உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியேறுகிறார்கள் என்று பார்ப்பது அவள் வேலை. மார்க்கெட்டில் அவளுக்கு ‘மணிக்காரம்மா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

முதலில், கைப்பைகள் விற்கும் பைக்கடைக்காரர் வந்தார். வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ஷட்டரை இறக்கி, பூட்டி, இழுத்துப் பார்த்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிறவர் மாதிரி நிதானமாக வந்தார். அடுத்து தையல்காரர். கண்ணாடியைக் கூட்டுக்குள் வைத்து, கூட்டைப் பையில் வைத்து, தலையைக்கூட வாரியிருந்தார். டீக்கடைக்காரர் கடையில் ஒரு தம்ளர்கூடப் பாதி குடித்த நிலையில் இல்லை.

கடைசியாகப் பின்பக்கப் படிக்கட்டு வழியே குழந்தைகள் இறங்கின. மூன்றாவது மாடியில் மாநகராட்சியின் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம். நீளமான ஒரு கயிற்றை ஆளுக்கொரு இடத்தில் பிடித்தபடி, வாத்துக் குஞ்சுகள் போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒரு அழுகை இல்லை, ஒரு தள்ளுமுள்ளு இல்லை. கயிற்றின் கடைசி நுனியைப் பிடித்துக்கொண்டு காப்பகப் பொறுப்பாளர் வந்தாள். அவள் ஆய்வாளருக்கு அன்னியம் இல்லை. கணவனின் அக்கா, அண்ணி என்றுதான் கூப்பிடுவாள்.

“பிரமாதம்!” என்றான் பக்கத்தில் நின்ற கணவன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். அவன் மாநகராட்சியின் செய்திப் பிரிவில் புகைப்படக்காரன். “இந்த ஒரு படம் போதும், மேயர் அறையில பெருசா மாட்டிடுவாங்க.”

அவள் குழந்தைகளின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் குழந்தைகள் தூங்கும் நேரம் இது. தூங்குகிற குழந்தை ஷூ போட்டுக்கொண்டா தூங்கும்? ஆனால் எல்லாக் குழந்தைகளின் காலிலும் ஷூ இருந்தது. லேஸ் முடிச்சுப் போட்டிருந்தது. வார் உள்ள ஷூக்களில் வார் மாட்டியிருந்தது. மணி அடித்த பிறகு இத்தனை கால்களுக்கும் ஷூ மாட்ட வேண்டுமானால், அண்ணிக்கு இரண்டு கை போதாது. இருபது வேண்டும்.

அப்படியானால் மணி அடிப்பதற்கு முன்பே மாட்டியிருக்கிறார்கள். அப்படியானால் மணி அடிக்கும் என்று முன்பே தெரிந்திருக்கிறது.

கூட்டம் கலையும்போது பைக்கடைக்காரர் அவள் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தினார். “ரொம்ப நன்றிம்மா. நீங்க இருக்கிற வரைக்கும் எங்களுக்கு என்ன கவலை?”

“எதுக்கு நன்றி?”

“அதுக்குத்தாம்மா” என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

குழந்தைகள் வரிசையிலிருந்து அவள் மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். “அம்மா, ஷூ இறுக்குது. கழட்டு.”

“வீட்டுக்குப் போய்க் கழட்டலாம்” என்று சொல்லிவிட்டு, குனிந்து வாரை ஒரு துளை தளர்த்திவிட்டாள். மனம் அதில் இல்லை.

*

‘பசுமை நகரம், பத்திர நகரம்’ என்று ஊரெல்லாம் பலகை வைத்திருந்தார்கள். அந்தப் பலகைக்குக் கீழே நின்று கேலி பேசுகிறவர்கள்கூட, மார்க்கெட் கட்டடத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். முன்பெல்லாம் அங்கே ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. அது ஓட ஆரம்பித்தால் கட்டடமே இருமும். காப்பகத்தின் ஜன்னல் கம்பியைத் தொட்ட குழந்தை, மை பூசியது போலக் கறுத்த கையோடு திரும்பும். இப்போது மொட்டைமாடி முழுக்கச் சூரியத் தகடுகள். தரைத்தளத்தில், ஜெனரேட்டர் இருந்த அதே அறையில் பெரிய பெரிய பேட்டரிகள். குப்பை அள்ளும் மின்சார வண்டிகள்கூட அங்கேதான் சார்ஜ் ஏற்றிக்கொள்கின்றன. புகை போயிற்று, இரைச்சல் போயிற்று, பிள்ளைகளின் இருமலும் போயிற்று. அவளுக்கும் அதில் சந்தோஷம்தான். அவள் மகளும் அங்கேதானே வளர்கிறாள்?

ஒரே ஒரு சிக்கல். அந்த பேட்டரிகள் எப்போதாவது தீப்பிடித்தால், சாதாரணத் தீ போலத் தண்ணீர் ஊற்றி அடக்க முடியாது. வரும் புகை விஷம். பேட்டரி அறை முன்பக்கப் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அந்தப் படி அப்போது புகைக்கூண்டு ஆகிவிடும். மேலே இருப்பவர்களுக்குப் பின்பக்கப் படி ஒன்றுதான் கதி.

அதனால்தான் இந்த விதி. மூன்று தடவை சொல்லாமல் மணி அடித்து, மூன்று தடவையும் எல்லாரும் ஒழுங்காக வெளியே வந்தால், காப்பகம் அங்கேயே இருக்கலாம் என்று நிரந்தர அனுமதி. ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் காப்பகத்தை மூட வேண்டும். மூடினால் வேறு இடம் கிடைக்கும்வரை, வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை எங்கே விடுவார்கள்? அண்ணிக்கும் வேலை இருக்காது.

வெள்ளோட்டமாக வைத்த முதல் மணியில் எல்லாம் அலங்கோலம். வெறுங்காலோடு பிள்ளைகள் அலறின, படியில் அட்டைப்பெட்டிகள் உருண்டன, தையல்காரர் அளவு நாடாவை மாலையாகப் போட்டுக்கொண்டு கூடவே ஒரு வாடிக்கையாளரையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். அதற்குப் பிறகு நடந்த மூன்றும் கச்சிதம். இன்றோடு தேறிவிட்டார்கள். இனி கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் அவள் சும்மா எட்டிப் பார்ப்பது போல மார்க்கெட்டுக்குப் போனாள். பின்பக்கப் படியில் கால் வைக்க இடமில்லை. அட்டைப்பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன.

“இப்பதாம்மா வண்டியிலேருந்து இறக்கினேன். அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவேன்” என்றார் பைக்கடைக்காரர்.

ஒரு பெட்டியின் மேல் விரலை இழுத்துப் பார்த்தாள். விரல் நுனி முழுக்கத் தூசி. அஞ்சு நிமிஷத் தூசி இல்லை அது.

*

தலைமைப் பொறியாளருக்கு அலுவலகத்தில் ‘முத்திரை’ என்று பட்டப்பெயர். மேஜைக்கு எது வந்தாலும், டீ வைத்த தட்டு தவிர, எல்லாவற்றிலும் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார்.

“படியில பெட்டி இருந்துச்சா? எங்கேம்மா இல்லை? நம்ம ஆபீஸ் படியில போய்ப் பாரு, பழைய நாற்காலிக்கு நடுவுல நெளிஞ்சு நெளிஞ்சுதான் நானே வர்றேன். அபராதம் போடு, போ. பயிற்சியில தேறிட்டாங்கல்ல?”

“தேறலை சார். முன்கூட்டியே தெரிஞ்சு வச்சிருக்காங்க. யாரோ சொல்லியிருக்காங்க.”

முத்திரையின் கை அந்தரத்தில் நின்றது. “நாள் யாருக்கெல்லாம் தெரியும்?”

“உங்களுக்கு முதல் நாள் சாயங்காலம் சொல்றேன். வண்டி ஓட்டுறவருக்குக் காலையில சொல்றேன். படம் எடுக்கணும்னு என் வீட்டுக்காரருக்கு…”

“ம். மூணு பேரு. என்னைச் சந்தேகப்படுறியா?”

“சார்…”

“அப்ப உன் வீட்டுக்காரர். காப்பகத்துல இருக்கிறது அவரு அக்காதானே?” முத்திரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இங்க பாரும்மா. அடுத்த வாரம் மன்றக் கூட்டம். அதுக்குள்ள ஆளைப் பிடிச்சுட்டு வா, இன்னொரு தடவை நடத்தலாம். பிடிக்க முடியலையா, கையெழுத்தைப் போடு. பேரு சொல்லாம ‘யாரோ’ன்னு எழுதினா, அந்த யாரோ நீதான்னு ஊரு சொல்லும்.”

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அவள் வேலையே அதுதான், புகையைப் பார்த்து நெருப்பைத் தேடுவது. ஆனால் இந்தப் புகை அவள் வீட்டுச் சமையலறையிலிருந்தல்லவா வருகிறது?

சாயங்காலம் கணவன் போனில் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தான். அவள் உள்ளே நுழைந்ததும், “சரிக்கா, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டான்.

“என்னவாம்?”

“ஒண்ணுமில்ல, சும்மா.”

சும்மா என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் என்று அன்று இரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

*

எலி எது என்று தெரியாவிட்டால், ஒவ்வொரு வளைக்கும் ஒரு பொறி வைக்க வேண்டும். அவள் அப்படித்தான் செய்தாள். மூன்று பேர், மூன்று பொய், மூன்று வேறு வேறு நாள். யாரிடம் சொன்ன பொய்க்கு மார்க்கெட்டில் ஷூ மாட்டுகிறார்களோ, அவர்தான் ஆள்.

முதல் பொறி வீட்டில். திங்கட்கிழமை சாப்பிடும்போது, தண்ணீர் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். “நாளைக்கு மறுபடியும் மணி அடிக்கிறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“மறுபடியுமா? தேறிட்டாங்கன்னு சொன்னே?”

“மேலிடத்து உத்தரவு.”

மறுநாள் காலை வழக்கம் போல வீடு போர்க்களமாக இருந்தது. காப்பகத்தில் விடுவது கணவன் பொறுப்பு. அவன் தோளில் தொங்கியபடி போன மகளின் காலிலிருந்து தவளைப் படம் போட்ட ரப்பர் செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்று விழுந்தது. அவள்தான் ஓடிப்போய் எடுத்து மாட்டிவிட்டாள். கணவன் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

மத்தியானம் மார்க்கெட்டுக்குப் போனாள். பின்பக்கப் படியில் பெட்டிகள் அப்படியே இருந்தன. மேலே, காப்பகத்துக் கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். பிள்ளைகள் பாய் முழுக்கச் சிதறித் தூங்கிக்கொண்டிருந்தன. ஒரு காலிலும் எதுவும் இல்லை. அத்தனையும் வெறுங்கால். அண்ணி ஒரு ஓரத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நெஞ்சு லேசானது. உடனே கனத்தது. சந்தேகப்பட்டுவிட்டோமே.

கீழே கணவன் கேமராவோடு வியர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருந்தான். “என்ன, மணி அடிக்கலையா?”

“தள்ளி வச்சுட்டாங்க.”

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மேயரோட மரக்கன்று விழாவை விட்டுட்டு வந்தேன்.” அவளை ஒரு மாதிரி பார்த்தான். “உனக்கு உடம்பு சரியில்லையா? ரெண்டு நாளா என் முகத்தையே பார்க்கிறியே?”

“சும்மா” என்றாள்.

இரண்டாவது பொறி ஓட்டுநருக்கு. அலுவலகத்தின் மின்சாரக் காரை ஓட்டும் அவருக்கு ‘ரேடியோ’ என்று பெயர். கார் சத்தமே போடாது; அந்தக் குறையை அவர் தீர்த்து வைப்பார். ரேடியோவுக்கு ஒலியைக் குறைக்கும் திருகு உண்டு, அணைக்கும் திருகு கிடையாது.

“இன்னைக்கு மத்தியானம் மார்க்கெட்ல மணி. வெளியே போகக் கூடாது விஷயம்.”

“மேடம், நானா? என் வாயி பூட்டு மேடம். பூட்டிச் சாவியைக் கடல்ல போட்டாச்சு. போன தடவை மச்சான் எவ்வளவு கேட்டான் தெரியுமா, எங்கேடா போறே எங்கேடா போறேன்னு. சொல்லலையே! பொண்டாட்டி கேட்டா. அவகிட்ட மட்டும் லேசா…”

“லேசா?”

“ஊருக்குள்ளதான் போறேன்னு சொன்னேன் மேடம்.”

இவர்தான், இவரேதான் என்று அவள் மனசு துள்ளியது. ஆனால் மார்க்கெட்டில் பெட்டிகள் அசையவில்லை. மேலே போய்ப் பார்த்தால், கதவுக்கு வெளியே செருப்பு அடுக்கில் சின்னச் சின்ன ஜோடிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன: பூப் போட்டது, கார் போட்டது, தவளை போட்டது. உள்ளே வெறுங்கால்கள். டீக்கடையில் பாதி குடித்த தம்ளர்கள்.

வாய் ஓயாத மனிதர் விஷயத்தை வெளியே விடவில்லை! அவளுக்கு ரேடியோவைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது.

மிச்சம் இருந்தது முத்திரைதான். மூன்றாவது பொறியை அவருக்கு வைத்த அன்று, அவர் அறைக்கு வெளியே பைக்கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததைக் கண்ணாலேயே பார்த்தாள். அவளைக் கண்டதும் எழுந்து கும்பிட்டார். ஆகா, கையும் களவுமாக மாட்டினாய் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் நம்பிக்கையோடு மார்க்கெட்டுக்குப் போனாள்.

பெட்டிகள் இருந்தன. முன்பைவிட இரண்டு அடுக்கு அதிகமாகவே இருந்தன. பிள்ளைகள் வெறுங்காலோடு தூங்கின.

பைக்கடைக்காரர், “கடை வரி விஷயமா போயிருந்தேம்மா” என்று அவள் கேட்காமலே சொன்னார்.

மூன்று பொறியும் காலி. எலியே இல்லை. அப்படியானால் ஷூ மாட்டியது எப்படி? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா? ஒரு தடவை விழலாம். மூன்று தடவையும் சொல்லிவைத்தாற்போல விழுமா?

*

கூட்டத்துக்கு முதல் நாள் அது. விடியும்போதே முடிவு செய்துவிட்டாள். இன்று நிஜமாகவே மணி அடிக்க வேண்டும். முத்திரையிடம் சொல்லப் போவதில்லை; பிறகு திட்டினால் திட்டட்டும். ரேடியோவின் கார் வேண்டாம், பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். படம் வேண்டாம். கணவனுக்கும் தெரிய வேண்டாம். பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். இந்த ஊரில் இப்போது விஷயம் தெரிந்த ஒரே ஆள் இவள்தான். இவளை நம்பலாம் என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

“உன் ஃபைல் எங்கேன்னு கேட்காதே, மேஜை மேல இருக்கு” என்று கணவன் கத்தினான். “பாப்பாவைக் கிளப்பு, நேரமாச்சு!”

மகள் காலை உதறினாள். “தவளைதான் வேணும்.”

“தவளைக்கு இன்னைக்கு லீவு. காலைக் காட்டு கண்ணு.”

“இது இறுக்கும்.”

“இறுக்கினாத்தான் ஓடும்போது கழலாது. நல்ல பொண்ணுல்ல?” ஒன்றுக்கு இரண்டு தடவை வாரை இழுத்துப் பார்த்து மாட்டிவிட்டு, கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து அனுப்பினாள். மனசு முழுக்க மத்தியான மணியிலேயே இருந்தது.

சரியாகப் பிள்ளைகள் தூங்கும் நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கி, யார் கண்ணிலும் படாமல் பக்கவாட்டுச் சந்து வழியாகப் போய், மணிப் பெட்டியைத் தன் சாவியால் திறந்து, பொத்தானை அமுக்கினாள்.

மணி அலறியது. நாய் வாலைப் பார்த்துக் குரைத்தது.

பைக்கடைக்காரர் ஷட்டரை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். தையல்காரர் தலை வாரியிருந்தார். டீக்கடைக்காரர் கழுவிக் கவிழ்த்த தம்ளர்களுக்கு மேல் துணி போர்த்திவிட்டு வந்தார்.

அவள் ஓடினாள். பின்பக்கப் படி பெருக்கித் துடைத்தது போல இருந்தது. ஒரு பெட்டி இல்லை, ஒரு காகிதம் இல்லை. அந்தப் படியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் இறங்கி வந்தன. எல்லாக் காலிலும் ஷூ. லேஸ் முடிச்சு, வார் மாட்டியபடி. வரிசையின் நடுவில் அவள் மகள் அம்மாவைப் பார்த்துக் கையாட்டினாள்.

அவள் பதிலுக்குக் கையாட்ட மறந்தாள். யாரிடமும் சொல்லவில்லையே. ஒரு ஈ, எறும்புக்குக்கூடச் சொல்லவில்லையே. சுவருக்குக் காது உண்டு என்பார்கள், நினைப்புக்குமா உண்டு?

பைக்கடைக்காரர் தூரத்தில் நின்று அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தி, ஒரு கண்ணை லேசாகச் சிமிட்டினார்.

சுள்ளென்று கோபம் வந்தது. குழந்தைகளைத் தையல்காரர் பொறுப்பில் நிற்க வைத்துவிட்டு, அண்ணியின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காப்பகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தூங்கும் அறையில் பாய்கள்கூட விரித்திருக்கவில்லை. ஒரு மூலையில் சுருட்டியபடி கிடந்தன.

“பாய் விரிக்கவே இல்லை” என்றாள்.

“எதுக்கு விரிக்கணும்? மணி அடிச்சு முடிஞ்சதும் தூங்க வச்சுக்கலாம்னு கதை சொல்லிட்டு இருந்தேன்” என்றாள் அண்ணி. அவள் முகத்தில் ஒளிவுமறைவே இல்லை. “ஏன் மூஞ்சியை இப்படி வச்சிருக்கே? நல்லாத்தானே இறங்கினோம்? அந்தச் சின்னவன்கூட இன்னைக்கு அழலை.”

“அண்ணி, இது விளையாட்டு இல்லை. நாளைக்குக் கூட்டம். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நான் கையெழுத்துப் போடணும். போட்டா, இத்தனை பிள்ளைங்களும் வருஷக்கணக்கா அந்த பேட்டரிக்கு மேலதான் தூங்கும். என் பொண்ணும்தான்.”

“போடேன். இருமல் இல்லாம இருக்குதுங்க, புண்ணியமாப் போகும்.”

“நேத்து வந்தேன். படி முழுக்கப் பெட்டி. முந்தா நேத்தும் பெட்டி. மணி அடிக்கிற நாளைக்கு மட்டும் பளிச்சுன்னு இருக்கு. தீ வந்து, ‘அண்ணி, நாளைக்கு மத்தியானம் வர்றேன், பிள்ளைங்களுக்கு ஷூ மாட்டி வைங்க’ன்னு சொல்லிட்டா வரும்?”

அண்ணி மூலையில் கிடந்த பாய்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“யாரோ உங்களுக்கு முன்கூட்டியே சொல்றாங்க. அவங்க யாருன்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன். காப்பகத்தை மூடினாலும் சரி. உங்க தம்பியா?”

“அவனா? அவனுக்கு என் பிறந்தநாளே ஞாபகம் இருக்காது. அன்னைக்குக்கூடப் போன் பண்ணி, உனக்கு ஏதோ மனசு சரியில்லை, என்னன்னு கேளுக்கான்னு அழாத குறையாப் பேசினான்.”

“அப்போ டிரைவரா? பெரிய சாரா?”

“எந்தப் பெரிய சார்?”

“பின்னே யார் அண்ணி?” அவள் குரல் உடைந்தது. “இன்னைக்கு மணி அடிக்கப் போறேன்னு இந்த உலகத்துலயே என் ஒருத்திக்குத்தான் தெரியும். வேற ஒரு உயிருக்கும் தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

கீழே பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணி அவளையே உற்றுப் பார்த்தாள். நாத்தனார் தம்பி மனைவியைப் பார்க்கும் பார்வை இல்லை அது. ஒளிந்து விளையாடுகிறவளைக் கண்டுபிடித்துவிட்ட பிறகும் அவள் வெளியே வராமல் இருந்தால் பார்ப்போமே, அந்தப் பார்வை. முதலில் அவள் உதட்டில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு மெல்லக் கலைந்தது.

“என்னடி இது, நிஜமாத்தான் கேட்கிறியா? மத்த நாளெல்லாம் பாப்பா காலுக்குத் தவளைச் செருப்பு, மணி அடிக்கிற நாளைக்கு மட்டும் வார் வச்ச ஷூ. நீதான் எங்களுக்குச் சாடை காட்டுறேன்னு நினைச்சு இந்த மார்க்கெட்டே தினம் காலையில உன் பொண்ணோட காலைத்தானே பார்த்துட்டு இருக்கு!”